பதினொரு குகைகள்

சீ என்று வந்தது அமலோற்பவத்துக்கு. ரகோத்தமன் சார் கார் சாவியைக் காதுக்குள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றி வெளியே எடுத்து, அதன் நுனியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பார்த்தவர் சும்மா இருக்கக் கூடாதா, மேஜை விரிப்பின் ஓரத்தில் துடைத்தார். துடைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே வாழைக்காய் பஜ்ஜித் தட்டு. பஜ்ஜிக்கு அடியில் விரித்திருந்த செய்தித்தாள் எண்ணெயைக் குடித்துக் குடித்து ஊறிப்போய், கண்ணீர் அஞ்சலி விளம்பரத்தில் யாரோ ஒரு பெரியவரின் மூக்கும் மீசையும் பளிச்சென்று தெரிந்தன. செத்தவன் மூஞ்சியில் பஜ்ஜி. கருமம், கருமம், இன்றைக்கு எதைப் பார்த்தாலும் இப்படித்தான் கண்ணில் படுகிறது. மத்தியானம் தின்ற நெத்திலிக் கருவாட்டு வாசம் மூன்று தடவை சோப்புப் போட்டும் விரலை விட்டுப் போகவில்லை. கையை மூக்குப் பக்கம் கொண்டுபோகக் கூடாது என்று நினைக்க நினைக்க கை மூக்குக்கே போனது. அறையில் ஏசி ஓடுகிறது என்று பேர், பழைய செருப்பும் பழைய காகிதமும் சேர்ந்த ஒரு காற்றைத்தான் அது சுற்றிச் சுற்றி விட்டது. சுவரில் மாட்டிய பெரிய திரையில் மீட்டிங். தலைமை அலுவலகத்து மேடம் ஒருத்தர், முகம் பாதி இருட்டில், ஒவ்வொரு ரயில்வே கோட்டமாகக் கூப்பிட்டு எத்தனை பாலம், எத்தனை டன்னல், மாஸ்டர் எவ்வளவு முடிந்தது என்று கேட்டுக்கொண்டே போனார். இன்னும் நாலு கோட்டம் முடிந்தால் இவர்கள் முறை. "மூணே வார்த்தைம்மா," என்றார் ரகோத்தமன் சார், மைக் அணைந்திருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டு. "பதினொண்ணு. நூறு சதவீதம். தேங்க்யூ. அதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம். எனக்கு இன்னும் நாலு மாசம்தான் சர்வீஸ், ஒரு கேள்வி வரக்கூடாது என் பேருக்கு." சரி சார் என்று அவள் தலையை ஆட்டினாள். ஆட்டின தலையையே பிய்த்துத் தூர எறியலாம் போலிருந்தது.

இந்த மாஸ்டர் என்கிற சனியனைப் பற்றி வெளியே யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். வின்சென்ட்டிடம் சொன்னபோது அவன் சிரித்தான், புருசனே சிரித்தால் மற்றவர்களை என்ன சொல்ல. நீ ரயில்வேயில் வேலை பார்க்கிறாயா, இல்லை ரேசன் கார்டு ஆபீசிலா என்று கேட்டான். விசயம் பெரிதாக ஒன்றுமில்லை. மலைப்பாதையில் எத்தனை குகை, ஒவ்வொன்றும் எவ்வளவு நீளம், என்றைக்குக் கட்டினது, உள்ளே சுவர் எப்படி, தண்ணீர் வடிய வழி இருக்கிறதா இல்லையா, இதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஒரு இடத்தில் பதிந்து வைக்க வேண்டும். அதுதான் மாஸ்டர். அதைப் பார்த்துத்தான் சாப்ட்வேர் தானாகவே, இந்த மாதம் இந்தக் குகையில் இந்த வேலை செய் என்று வேலைக்கு நம்பர் போடும். நம்பர் இருந்தால்தான் வண்டியை நிறுத்தி மூன்று மணி நேரம் பாதையைப் பராமரிக்கிற கேங்குக்காரர்களுக்கு விட்டுக் கொடுப்பார்கள். நம்பர் இல்லையா, பாதை இல்லை, வேலை இல்லை. மாஸ்டரில் இல்லாதது மண்ணிலே இல்லை என்பது இந்த ஆபீசுப் பழமொழி. முதலில் கேட்டபோது அவளுக்கும் வேடிக்கையாகத்தான் இருந்தது. ஜூன் மாதம் இந்த நாற்காலிக்கு வந்து உட்கார்ந்து, ஒவ்வொரு குகையாகத் திறந்து பார்த்தபோதுதான் வேடிக்கை வயிற்றைப் புரட்ட ஆரம்பித்தது. இரண்டு வருசத்துக்கு முன்னால் காண்ட்ராக்டில் எவனோ வந்து பதிந்துவிட்டுப் போயிருக்கிறான். ஆறாம் குகைக்குக் கட்டின தேதி போன நூற்றாண்டுக்குப் பதில் அவன் பதிந்த மாதம். ஒன்பதாவது குகையின் அகலம் ஒரு ஆள் படுத்தால் கால் இடிக்கும். அதையெல்லாம் திருத்தினாள். திருத்தத் திருத்த ரகோத்தமன் சார் பின்னால் வந்து நின்று, சபாஷ்ம்மா, சபாஷ்ம்மா என்று மல்லி வாசம் அடிக்கிற ஏப்பத்தோடு சொல்லிவிட்டுப் போனார். நாலாம் குகைக்கு வந்தபோது மட்டும் சபாஷ் நின்றுவிட்டது.

நாலாம் குகை அரைக்கால் டவுசர் மாட்டினவன் கதை. பாதி வரைக்கும் வெள்ளைக்காரன் செங்கல் வளைவு கட்டியிருக்கிறான், மீதிப் பாதிக்குப் பணமோ பொறுமையோ தீர்ந்துபோய், குடைந்த பாறையை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டான். இந்தப் பக்கம் நுழைந்தால் செங்கல், அந்தப் பக்கம் வெளியே வந்தால் தலைக்கு மேல் பச்சைப் பாறை. பாறைக் குகையில் ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் கேங்குக்காரர்கள் ட்ராலியில் மேடை கட்டி ஏறி, நீளக் கம்பியால் கூரையைத் தட்டிக்கொண்டே போவார்கள். கிண் என்றால் பாறை கெட்டி. டொக் என்றால் உள்ளே பொத்தல், கம்பியை விட்டு நெம்பிக் கீழே தள்ளிவிட வேண்டும், அது தானாக விழுந்து ஒருத்தன் மண்டையைப் பார்க்கிறதுக்கு முன்னால். ஆனால் சாப்ட்வேர் ஒரு குகைக்கு ஒரு சுவர்தான் கேட்கும். லைனிங் என்கிற உள்சுவர் உண்டா, இல்லையா. இரண்டும் என்று சொல்ல இடமில்லை. உண்டு என்று போட்டிருக்கிறார்கள். உண்டு என்று போட்டதும் நாலாம் குகையில் பாறை என்கிற பேச்சே இல்லாமல் போய், தட்டுகிற வேலைக்கு நம்பரே விழவில்லை. இரண்டு மழை போயாயிற்று, கூரையில் ஒரு கம்பி படவில்லை. இல்லை என்று மாற்றிப் போட்டுவிடலாமே என்றால் செங்கல் பாதி செத்துவிடும், அந்தச் செங்கலும் ஒன்றும் யோக்கியமில்லை, மாதம் தவறாமல் பூச வேண்டிய செங்கல். ஒரே வழிதான் உண்டு. நாலு ஏ, நாலு பி என்று குகையை மாஸ்டரில் இரண்டாகப் பிரித்துவிட வேண்டும். இதைச் சொல்ல அவள் எழுந்துபோய் நின்ற அன்றைக்கு ரகோத்தமன் சார் பல்லிடுக்கில் இருந்த எதையோ நாக்கால் துழாவிக்கொண்டே கேட்டார். "பிரிச்சா என்னம்மா ஆகும்?" ஒன்றும் ஆகாது சார், எண்ணிக்கை மட்டும் பன்னிரண்டு என்று காட்டும். அவருக்கு நாக்கு அப்படியே நின்றது. "பன்னிரண்டா? ஹெட்குவார்ட்டர்ஸ்ல பதினொண்ணுன்னு இருக்கு. நூறு வருஷமா பதினொண்ணு. ராத்திரியோட ராத்திரியா மலையில ஒரு டன்னல் முளைச்சுதான்னு கேட்டா நான் என்ன பதில் சொல்றது? கணக்கு உதைக்கும்மா. வேண்டாம்." கணக்கு உதைக்கும். அவ்வளவுதான். பாறை உதைத்தால் பரவாயில்லை, கணக்கு உதைக்கக் கூடாது.

திரையில் ஒரு கோட்டத்துக்காரர் மைக்கை அணைக்க மறந்து இருமினார். சளி கரகரவென்று தொண்டையிலிருந்து புறப்பட்டு வாய் வரைக்கும் வந்து, துப்பவும் முடியாமல் திரும்ப உள்ளே போகிற சத்தம் ஸ்பீக்கரில் அறை முழுக்கக் கேட்டது. மாதாவே. அமலோற்பவம் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, திறந்த வாயில் யாருடைய உதட்டுச் சாயமோ போல ஒரு கறையைப் பார்த்து, அது தன்னுடைய வெற்றிலைக் கறைதான் என்று தெரிந்தும் குடிக்காமல் மூடினாள். துப்புகிறது. குகை துப்புதுல்லா மேடம் என்று கோமதிநாயகம் அண்ணாச்சி சொன்னது அன்றைக்கு. அவர்தான் அந்தப் பக்கத்துக் கேங்குக்கு மேட், பன்னிரண்டு ஆளுக்கு மேஸ்திரி மாதிரி. பேசுகிறபோது எப்போதும் ஒரு பக்கக் கன்னத்தில் புகையிலை அடக்கியிருப்பார், பேச்சில் பாதி எச்சிலாகத்தான் வரும், ஒன்றுக்கு மூன்றாக ஊதிச் சொல்வார், யானை வந்தது என்பார், போய்ப் பார்த்தால் பன்றி லத்தி கிடக்கும். அதனால் ஆபீசில் அவர் பேச்சை யாரும் எடுப்பதில்லை. அவளும் எடுத்திருக்க மாட்டாள், நேரில் போயிராவிட்டால். ஆகஸ்டில் போனாள், சுவரை அளக்க. வாயிலில் வெளிச்சம் இருந்தவரைக்கும் சரிதான். உள்ளே நூறு அடி போனதும் வௌவால் மூத்திரம் கண்ணைக் கரித்தது. டீசல் கரி சுவரில் ஒரு விரல் கனத்துக்குப் படிந்து, அதன்மேல் நீர் வழிந்து வழிந்து, கை வைத்தால் வழுக்கியது, பிடித்த கையை எங்கே துடைக்க என்று தெரியவில்லை. அந்தக் காலத்து ரயில் பெட்டிகளில் கழிப்பறைத் தொட்டி கிடையாது, எல்லாம் பாதையிலேதான், குகைக்குள் விழுந்தது வெயில் படாமல் காயாமல் வருசக்கணக்காக அங்கேயே ஊறி மண்ணாகி இன்னும் வீசுகிறது. செங்கல் முடிந்து பாறை ஆரம்பித்த இடத்தில் அவள் அண்ணாந்து பார்த்தாள். பார்த்த வாயில் மேலேயிருந்து ஒரு சொட்டு. உதட்டில் விழுந்து உள்ளே போய்விட்டது. இரும்பு ருசி, அதற்கடியில் இன்னதென்று சொல்லத் தெரியாத ஏதோ ஒரு கெட்டது. அவ்வளவு பேருக்கும் நடுவில் ஸ்லீப்பர் கட்டையில் கையை ஊன்றி வாந்தி எடுத்தாள். ஆம்பளைகள் எல்லாரும் மரியாதைக்குத் திரும்பி நின்றுகொண்டார்கள். அப்போதுதான் அண்ணாச்சி, "குகை துப்புதுல்லா மேடம், பழகாதவங்களப் பாத்தா துப்பும்," என்று சொல்லி, கேங்கில் ஒருத்தன் சிரித்து, அந்தச் சிரிப்பு அந்த நீளம் முழுக்கப் போய்த் திரும்பி வந்தது. சிரிப்பு வந்து சேர்கிற நேரத்துக்கு அவளுக்கு இரண்டடி தள்ளி சரசரவென்று சரளை மாதிரி ஏதோ கொட்டியது. சரளை இல்லை, கூரை. எல்லாரும் மெதுவாக, ஓடாமல், ஓடினால் அதிரும் என்று தெரிந்தவர்களாக, நடந்து வெளியே வந்தார்கள். வெளியே வந்து வெயிலில் நின்றபோதும் அந்தச் சொட்டு நாக்கில் இருந்தது. இப்போதும் இருக்கிறது. இரண்டு மாதமாகப் பல் தேய்க்கிறாள், போகவில்லை, அது நாக்கில் இருக்கிறதா மனசில் இருக்கிறதா, எங்கே இருந்தால் என்ன, போய்த் தொலையவில்லை.

தளவாய் வீட்டுக்கு ஏன்தான் போனாளோ. போகாமலே இருந்திருந்தால் இந்த மூன்று வார்த்தையும் வாயிலிருந்து தானாகவே வழுக்கிக்கொண்டு வந்திருக்கும். தளவாய் கீமேன், சாவி தூக்குகிறவன். சாவி என்றால் தண்டவாளத்தைக் கட்டையோடு பிடித்துவைக்கிற ஆணி, ஒவ்வொன்றாகச் சுத்தியலால் தட்டிச் சரிபார்த்துக்கொண்டு தினமும் காலையில் தனியாக நடப்பான், அவனுடைய நடையில் மூன்று குகை வருகிறது, நாலாம் குகையும் அதில் உண்டு. போன வருசம் மழையில் அவன் தோளில் கல் விழுந்தது. ஆபீஸ் ரிப்போர்ட்டில் கால் தடுக்கி விழுந்தார் என்று இருக்கிறது. லைனிங் உள்ள குகையில் கல் எப்படி விழும், விழாது, அதனால் அவன்தான் விழுந்திருக்க வேண்டும். நல்ல நியாயம். சுவரை அளந்துவிட்டுத் திரும்புகிற வழியில் அண்ணாச்சி கூட்டிக்கொண்டு போனார், வழியில் ரொட்டியும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டாள். குவார்ட்டர்ஸ் வாசலில் பனியனோடு உட்கார்ந்திருந்தவன் பதறி எழுந்து சட்டையைத் தேடினான். பரவால்ல பரவால்ல என்றாள். அவன் பொண்டாட்டி காப்பியில் ஆடையோடு பாலை ஊற்றிக் கொடுத்தாள், ஆடை உதட்டில் ஒட்டியது. "நல்லா கூடிட்டு மேடம், ஒண்ணும் செய்யல, பாருங்க," என்று தளவாய் பனியனை விலக்கிக் காட்டினான். கழுத்துப் பட்டை எலும்பு நேராகக் கூடாமல், தோலுக்கு அடியில் ஒரு நெல்லிக்காய் அளவுக்கு மேடிட்டுத் துருத்திக்கொண்டு நின்றது. "அமுக்கிப் பாருங்க, வலிக்காது. சத்தம் மட்டும் வரும்," என்றான் சிரித்துக்கொண்டே. வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் விரலை வைத்தாள். க்ளுக் என்று உள்ளே நகர்ந்தது. அந்த நகர்வு அவள் விரல் வழியாக முழங்கை வரைக்கும் ஏறியது. விரலை வெடுக்கென்று இழுத்துச் சேலையில் துடைத்தாள், அவன் பார்க்கத் துடைத்தாள், அவன் பொண்டாட்டியும் பார்த்தாள். அடச்சே, அது எப்படிப்பட்ட துடைப்பு. ஒரு மனுசன் எலும்பைத் தொட்ட விரலை, எச்சியைத் துடைக்கிற மாதிரி. அவன் ஒன்றும் நினைக்காதவன் மாதிரி பனியனைச் சரிசெய்துகொண்டு, சாயங்காலம் மழை வரும் மேடம், நேரத்தோட கிளம்புங்க என்றான். மறுநாள் காலையில் அவன் அதே குகைக்குள் போனான். இன்றைக்கும் போனான். நாளைக்கும் போவான்.

இன்னும் இரண்டு கோட்டம். ரகோத்தமன் சார் ஷூவிலிருந்து காலை வெளியே எடுத்து ஒரு பாதத்தால் மறு பாதத்தைச் சொறிந்துகொண்டிருந்தார், மேஜைக்கு அடியிலிருந்து அந்த வாடை மெல்ல ஏறி வந்தது. அவள் முன்னால் இருந்த மடிக்கணினியில் நாலாம் குகை திறந்தே இருந்தது. காலையிலேயே பிரித்து வைத்தாயிற்று. காலையில் அண்ணாச்சி போன் பண்ணினார். "மேடம், நேத்து ராத்திரி பெஞ்ச பெயல்ல நாலாம் குகையில தேங்கா தண்டிக் கல்லு கெடக்கு, தண்டவாளத்துக்கு நடுவுல. நான் ஊதிச் சொல்லல மேடம், சத்தியமா தேங்கா தண்டி. தளவாய் கண்டு எடுத்துப் போட்டான். மேல இன்னும் தொங்குதுங்கான். எங்களுக்கு ஒரு மூணு மணி நேரம் வாங்கித் தாங்க, தட்டித் தள்ளிப்புடுதோம். ஸ்டேசன்ல கேட்டா நம்பர் எங்கங்காரு. நம்பருக்கு நான் எங்க போவ?" சாயந்தரத்துக்குள்ள பார்க்கிறேன் அண்ணாச்சி என்று சொல்லிவிட்டாள். சொன்ன வாயோடு உட்கார்ந்து நாலு ஏ, நாலு பி போட்டாள். ஏ செங்கல், பி பாறை. அடியில் பச்சையாக ஒரு பொத்தான், உறுதி செய் என்று. அதை அழுத்த வேண்டியது அதிகாரி. அதிகாரியின் பாஸ்வேர்டும் அவளிடமே. எல்லா ஆபீசிலும் நடக்கிறதுதான், பெரியவர்களுக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார நேரம் கிடையாது, பேத்தி பேரையும் பிறந்த வருசத்தையும் சேர்த்து ஒரு பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டு, நீயே போட்டு விட்டுடும்மா என்று போய்விடுவார்கள். ஜூனிலிருந்து ரகோத்தமனாகவும் அமலோற்பவமாகவும் மாறி மாறி அவளே கேட்டு அவளே கொடுத்துக்கொண்டிருக்கிறாள். இன்று மீட்டிங் முடிந்ததும் தலைமை அலுவலகம் மாஸ்டரைப் பூட்டிவிடும். சொன்ன எண்ணிக்கை எதுவோ அதோடு பூட்டு. முழுசாக ஒரு வருசம், ஒருத்தரும் கை வைக்க முடியாது. ஐப்பசி இப்போதுதான் பிறந்திருக்கிறது. அடைமழை இனிமேல்தான். பதினொன்று என்று சொன்னால் இந்த மழை முழுக்க, அதற்குப் பிறகு வருகிற மழையிலும் பாதி, அந்தக் கூரைக்கு அடியில் தளவாய்.

அழுத்தினால் என்ன ஆகும். கேட்பார்கள். பதினொன்று எப்படிப் பன்னிரண்டு ஆயிற்று என்று கேட்பார்கள். ரகோத்தமன் சார் எனக்குத் தெரியாது, அந்த அம்மா என் பாஸ்வேர்டைத் திருடிவிட்டாள் என்பார், சொல்லமாட்டாரா, நாலு மாதம் மிச்சமிருக்கிறவன் என்ன வேணாலும் சொல்வான். மெமோ வரும். சம்பள உயர்வை நிறுத்துவார்கள். எங்கேயாவது ஆந்திரா எல்லையில் தூக்கிப் போடுவார்கள். வின்சென்ட், தலையக் குடுக்காத தலையக் குடுக்காதன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே என்பான். அழுத்தாவிட்டால். அழுத்தாவிட்டால் ஒன்றும் ஆகாமலும் இருக்கலாம். நூறு வருசமாக நிற்கிற பாறை. ஆகிவிட்டால் முதலில் கம்ப்யூட்டரைத்தான் திறப்பார்கள், கடைசியாக நாலாம் குகையைத் திறந்து பார்த்தது யார் என்று, பார்த்தது அவள், திருத்தாமல் மூடினது அவள், நேரத்தோடு இருக்கும். இப்படி நினைத்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. பாரேன், பாரேன் இந்தப் புத்தியை. கல் விழுந்தால் தளவாய்க்கு என்ன ஆகும் என்று வரவில்லை, தன் பேருக்கு என்ன ஆகும் என்றுதான் முதலில் வருகிறது. காதுக்குள் சாவி விடுகிறவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம், அவர் குடைகிறதை வெளியே எடுத்துப் பார்க்கிறார், நான் உள்ளேயே வைத்துக்கொள்கிறேன். பூசைக்குப் போய் முழங்காலில் நின்று என் பாவமே என் பாவமே என்று நெஞ்சில் தட்டுகிற கை இது. தட்டினால் டொக் என்றுதான் கேட்கும். சீ, நாற்றம். ரகோத்தமன் சாருடைய நாற்றம் இல்லை, குகை நாற்றமும் இல்லை, விரலில் நெத்திலி இல்லை. இது நான். நானே வீசுகிறேன்.

"அடுத்தது நம்ம," என்றார் ரகோத்தமன் சார், காலை ஷூவுக்குள் திணித்துக்கொண்டு. திரையில் முந்தின கோட்டத்துக்காரர் ஏதோ ஒரு பாலத்தின் எண்ணிக்கையைச் சொல்லிவிட்டு, மன்னிக்கணும் மேடம், மன்னிக்கணும், திருத்திச் சொல்லிடறேன் என்று வழிந்தார். அந்த வழிசல், அந்தக் கூனல் குரல், அது அவளுக்குத் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் தன் வாயிலிருந்தும் அதே குரல்தான் வரப்போகிறது. அதைத் தன் காதால் கேட்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. தைரியம் என்று சொல்லிவிட முடியாது அதை. தளவாய் மேல் பாசம் என்றும் சொல்ல முடியாது, அதற்கெல்லாம் அவளுக்கு யோக்கியதை இல்லை. வாந்தி வரும்போது வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாதே, அவ்வளவுதான். விரல் தானாகப் போய்ப் பச்சைப் பொத்தானை அழுத்தியது. பாஸ்வேர்டு கேட்டது. பேத்தியின் பேரை அடித்தாள், வருசத்தை அடித்தாள். ஒரு சின்ன வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பதிவானது என்று வந்தது.

மேடம் அவர்கள் கோட்டத்தின் பேரைச் சொன்னார். ரகோத்தமன் சார் மைக்கைத் தட்டிவிட்டு முதுகை நிமிர்த்திப் புன்னகைத்தார். "குட் ஆஃப்டர்நூன் மேடம். எங்க ஸ்டாஃப் சொல்லுவாங்க."

"டன்னல் எத்தனை?"

"பன்னிரண்டு மேடம்," என்றாள் அமலோற்பவம்.

பக்கத்தில் நாற்காலி கிறீச்சிட்டது. ரகோத்தமன் சாருடைய புன்னகை முகத்திலேயே இருந்தது, எடுக்க மறந்துபோய். அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதி இருட்டில் இருந்த முகம் குனிந்தது, எதையோ எழுதியது. இப்போது நிமிரும். இப்போது கேட்கும். நூறு வருசமாகப் பதினொன்று, எப்படிப் பன்னிரண்டு. நாலில் பாதி செங்கல் மேடம், பாதி பாறை மேடம் என்று வாய்க்குள் வரிசையாக வைத்துக்கொண்டாள், ஆகஸ்டில் அளந்தது, தோளில் விழுந்தது, நேற்று ராத்திரி விழுந்தது, எல்லாவற்றையும் வைத்துக்கொண்டாள்.

"பன்னிரண்டு. மாஸ்டர்?"

"நூறு சதவீதம் மேடம்."

"குட். லாக்கிங். அடுத்த கோட்டம், சீக்கிரம் ப்ளீஸ், டீக்கு நேரமாச்சு."

முடிந்துவிட்டது. அவளுக்கு முதலில் புரியவில்லை. மேடம் வேறு யாரையோ கூப்பிட்டார், வேறு யாரோ வேறு ஏதோ எண்ணிக்கையைச் சொன்னார், அதையும் குனிந்து எழுதினார். ரகோத்தமன் சார் மைக்கை அணைத்தார். இரண்டு தடவை அழுத்தி அணைத்தார். அவள் பக்கம் திரும்பி, கோபத்துக்காக வாயைத் திறந்தவர், திரும்பத் திரையைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். "என்னம்மா, ஒண்ணுமே கேக்கலை?" என்றார். ஆமா சார். "ஒரு வார்த்தைகூடக் கேக்கலையே!" அவர் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது, கல்யாண வீட்டில் பந்தி கிடைத்தவன் முகம் போல. "அட என்னம்மா நீ. இவ்வளவுதான்னா முன்னாடியே பண்ணியிருக்கலாமே. நான் என்னவோன்னு நினைச்சேன்." சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். அவருடைய தங்கப்பல் தெரிந்தது. அமலோற்பவத்துக்கு அவரை அறையலாம் என்றுகூடத் தோன்றவில்லை. அறைந்தால் கை அவர் கன்னத்தைத் தொட்டுவிடும்.

நாலு பிக்கு வேலை நம்பர் விழுந்ததைப் பார்த்துவிட்டு எழுந்து வராந்தாவுக்கு வந்து அண்ணாச்சிக்குப் போன் போட்டாள். ரொம்ப நேரம் அடித்து எடுத்தார். பின்னால் மழைச் சத்தம். நம்பர் விழுந்துட்டு அண்ணாச்சி, நாலு பிக்கு, அவசர வேலைன்னு போட்டிருக்கேன், நாளைக்குக் காலையில உங்களுக்குப் பாதை கிடைக்கும், அதுவரைக்கும் தளவாயை உள்ளே விடாதீங்க என்று ஒரே மூச்சில் சொன்னாள். "நல்லா இருப்பீய மேடம், நல்லா இருப்பீய," என்றார் அவர். பிறகு, "எப்படி மேடம் விட்டாங்க? கேள்வி மேல கேள்வியால்லா கேட்டிருப்பாங்க?" என்றார். அவள் வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பொய் சொல்லியிருக்கலாம். சண்டை போட்டுத்தான் வாங்கினேன் என்று சொல்லியிருந்தால் ஆசையாக நம்பியிருப்பார், கேங்கு முழுக்க ஊதி ஊதிச் சொல்லியிருப்பார்.

"இல்ல அண்ணாச்சி. யாரும் ஒண்ணும் கேக்கல. பன்னெண்டுன்னு சொன்னேன். எழுதிக்கிட்டாங்க."

மறுபக்கம் மழைக்கு நடுவே புகையிலையைத் துப்புகிற சத்தம் வந்தது.

"மேடம்," என்றார் கோமதிநாயகம். ஊதாத, கூட்டாத, அவள் அதுவரை கேட்டிராத ஒரு குரல். "நம்பர் விழுந்துட்டுன்னு அவன்ட்ட நான் சொல்லிக்கிடுதேன். எப்படி விழுந்துச்சுன்னு மட்டும் தளவாய்ட்ட நீங்க சொல்லிராதீய. இவ்வளவு லேசுன்னு தெரிஞ்சா அவன் தோளு தாங்காது."

சொல்லமாட்டேன் என்றாள். அவர் வைத்துவிட்டார்.